மவுண்டன் பைக் சஸ்பென்ஷன்: சேக் முதல் டோக்கன் வரை

ஏர் ஃபோர்க் (காற்றில் இயங்கும் முன்பக்க சஸ்பென்ஷன்), ஏர் ஷாக் (அதேபோல் பின்பக்கத்தினது) வைத்திருப்பவர்களுக்கான செய்முறை இது. உங்களுடையது சன்டூர் எக்ஸ்சிடி போன்ற காயில் ஃபோர்க் (சுருள் கம்பி ஸ்பிரிங் உள்ளது) என்றால் செய்வதற்கு அதிகம் இல்லை. பிரீலோட் திருகு ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது, அது அமுங்கத் தொடங்கும் புள்ளியை மட்டும் கொஞ்சம் நகர்த்தும். உடல் எடைக்கு ஒத்துவரவில்லையா, ஸ்பிரிங்கையே மாற்றுங்கள்.

கணக்குக்காக 140 மி.மீ. டிராவல் (அமுங்கும் தூரம்) ஃபோர்க்கும் 55 மி.மீ. ஸ்ட்ரோக் (ஷாக் மட்டும் அமுங்கும் நீளம்) ஷாக்கும் உள்ள டிரெயில் பைக்கை எடுத்துக்கொள்கிறேன். வரிசை முக்கியம்: காற்று, சேக் (நீங்கள் ஏறியதும் அமுங்கும் அளவு), ரீபவுண்ட் (அமுங்கியது திரும்பி எழும் வேகம்), கம்ப்ரஷன் (அமுங்கும் வேகம்), கடைசியில் டோக்கன் (காற்றறைக்குள் வைக்கும் சின்னத் துண்டு). ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பம்ப்

ஷாக் பம்ப் கட்டாயம் வேண்டும். வால்வு கார் டயர் வால்வு மாதிரியேதான் இருக்கும், ஆனால் பெட்ரோல் பங்க் காற்றுக்குழாயை அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருக்கும் அறை அவ்வளவு சிறியது, ஒரு நொடியில் அழுத்தம் எங்கேயோ போய்விடும். 300 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை காட்டும் முள் கேஜ் ஷாக்குக்குப் போதும். ஃபோர்க்குக்கு நாம் பிடிப்பது பெரும்பாலும் 100க்கும் கீழே என்பதால், அந்த முள்ளில் 5 பிஎஸ்ஐ வித்தியாசத்தைப் படிப்பதே சிரமம். டிஜிட்டல் பம்ப் வாங்குங்கள் என்பேன். அது துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எப்போதும் அதே பம்பைப் பயன்படுத்தினால் போதும்.

பம்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' சத்தம் குழாயில் இருந்த காற்றுதான், ஷாக்கில் இருந்தது அல்ல. ஆனால் திரும்ப மாட்டினால் ஷாக்கின் காற்று குழாயை நிரப்பும், கேஜ் குறைவாகக் காட்டும். 'காத்து லீக் ஆகுது' என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இதைத்தான் பார்க்கிறார்கள்.

காற்று பிடிப்பது: இங்கேதான் எல்லோரும் மாட்டுகிறார்கள்

ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குகளில் எடைக்கேற்ற அழுத்த அட்டவணை கீழ்க்காலிலேயே (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்குழாய்) ஒட்டியிருக்கும். ஃபாக்ஸ் என்றால் கையேட்டில் பாருங்கள். ஷாக்குக்கு உடல் எடையை பவுண்டில் எழுதி, அதே எண்ணை பிஎஸ்ஐயாக வைத்துத் தொடங்கலாம். 70 கிலோ என்றால் 154. இது வெறும் தொடக்கப் புள்ளிதான், பைக்குக்குப் பைக் மாறும்.

ஏர் ஸ்பிரிங்குக்குள் இரண்டு அறைகள். நாம் காற்று பிடிப்பது மேலறையில், அதாவது பாசிட்டிவ் பக்கம். பிஸ்டனுக்கு மறுபக்கம் நெகட்டிவ் அறை. இன்றைய ஃபோர்க்குகள் பெரும்பாலானவற்றில் இரண்டுக்கும் நடுவே காற்று போய்வர ஒரு சின்ன வழி மட்டும் உண்டு. பிஸ்டன் அந்த இடத்தைக் கடக்கும்போதுதான் அது திறக்கும். நீங்கள் 80 பிஎஸ்ஐ அடித்து நிறுத்தினால், அந்த 80 மேலறையில் மட்டும்தான். அப்படியே ஏறி சேக் அளந்தால் தப்பாகக் காட்டும். முதல் இறக்கத்தில் காற்று கீழே இறங்கியதும் அழுத்தம் சரிந்து, ஃபோர்க் தொளதொளவென்று ஆகிவிடும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். 50 பிஎஸ்ஐ வந்ததும் நிறுத்துங்கள். பம்பைக் கழற்றாமலே ஹேண்டில்பாரை மெதுவாக அழுத்தி, கால்வாசி டிராவல் வரை பத்து முறை இறக்கி ஏற்றுங்கள். கூர்ந்து கேட்டால் ஓரிடத்தில் மெல்லிய 'உஸ்' கேட்கும், அங்கே ஒரு கணம் நிறுத்துங்கள். கேஜ் இறங்கியிருக்கும். மறுபடி அடியுங்கள், மறுபடி அழுத்துங்கள். இலக்கு எண்ணில் கேஜ் அசையாமல் நிற்கும்வரை இதுதான் வேலை. ஷாக்குக்கும் இதே முறை, சீட்டை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

காற்றைக் குறைக்கும்போதும் அப்படியே. மளமளவென்று திறந்துவிட்டால் நெகட்டிவ் அறையில் அழுத்தம் மிஞ்சி, ஃபோர்க் உள்ளே இழுத்துக்கொண்டு முழு நீளத்துக்கு வராது. முன்சக்கரத்தைக் காலால் அழுத்திப் பிடித்து ஹேண்டில்பாரை வலுவாக மேலே இழுங்கள். அதற்கும் வராவிட்டால் கூடுதலாகக் காற்று அடித்து, அழுத்தி அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

சேக் அளப்பது

நீங்கள் பைக்கில் ஏறியதும் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறதோ அதுதான் சேக். ஃபோர்க்குக்கு 20 சதவீதம், அதாவது 28 மி.மீ. ஷாக்குக்கு 30 சதவீதம், 16.5 மி.மீ. ஷாக்கில் கணக்கு ஸ்ட்ரோக்கை வைத்துத்தான். பின்சக்கர டிராவலான 150ஐ வைத்து 45 மி.மீ. தேடினால் ஷாக் கிட்டத்தட்ட முழுதும் அமுங்கி அடிதட்டியிருக்கும்! கிராஸ் கன்ட்ரி பைக் என்றால் இரண்டையும் சற்றுக் குறையுங்கள்.

ஹெல்மெட், தண்ணீர், பை எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். லாக்-அவுட் (சஸ்பென்ஷனை அசையாமல் பூட்டுவது) திறந்திருக்கட்டும். ஒருவரைப் பைக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள், ஆள் இல்லையென்றால் முழங்கையைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. சக்கரம் உருளாவிட்டால் சஸ்பென்ஷன் சுதந்திரமாக இறங்காது. பெடலில் எழுந்து நின்று இரண்டு முறை குலுக்கி, அசையாமல் நின்று, ஓ-ரிங்குகளை (ஃபோர்க், ஷாக் தண்டுகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள்) சீல் வரை தள்ளச் சொல்லுங்கள். பிறகு குதிக்காமல் இறங்கி, சீலுக்கும் ஓ-ரிங்குக்கும் நடுவே எவ்வளவு என்று அளந்து பாருங்கள். அதிகமாக அமுங்கினால் காற்றைக் கூட்டுங்கள், குறைவாக என்றால் இறக்குங்கள். ஒவ்வொரு தடவையும் 5 பிஎஸ்ஐ.

ரீபவுண்ட்

சிவப்புத் திருகு. ஆமைப் படம் உள்ள பக்கம் திருப்பினால் சஸ்பென்ஷன் மெதுவாக எழும், முயல் பக்கம் திருப்பினால் வேகமாக எழும். ஆமைப் பக்கம் முழுக்க மூடி (மெல்ல, முறுக்கக் கூடாது), அங்கிருந்து கிளிக்குகளை எண்ணுங்கள். நடுவில் தொடங்குங்கள். உட்கார்ந்தபடியே நடை வேகத்தில் நடைபாதை விளிம்பிலிருந்து சாலையில் இறங்குங்கள். பின்பக்கம் அமுங்கி, ஒரே தடவை எழுந்து, அடங்க வேண்டும். இரண்டாம் தடவை ஆடினால் ஆமைப் பக்கம் ஒரு கிளிக். ஃபோர்க்கை அழுத்திச் சட்டென்று விட்டால் சக்கரம் தரையை விட்டுத் துள்ளக் கூடாது.

புதியவர்கள் ஆமைப் பக்கமே ஒட்டிக்கொள்கிறார்கள். தொடர்ச்சியான கற்களில் அப்படி ஓட்டினால், ஒரு அடியிலிருந்து எழுவதற்குள் அடுத்த அடி விழும். ஃபோர்க் படிப்படியாகக் கீழே இறங்கி, டிராவல் தீர்ந்து, கை மரத்துப்போகும். உடனே 'ரொம்ப டைட்டா இருக்கு' என்று காற்றைக் குறைப்பார்கள், இன்னும் மோசமாகும். முயல் பக்கம் இரண்டு கிளிக் திருப்பிப் பாருங்கள்.

காற்றைக் கூட்டினால் ஸ்பிரிங் இன்னும் வேகமாகத் தள்ளும். 10 பிஎஸ்ஐ மாற்றினாலே ரீபவுண்டைத் திரும்பப் பாருங்கள்.

கம்ப்ரஷன், டோக்கன்

நீலத் திருகை முழுக்கத் திறந்துவிட்டு ஓட்டுங்கள். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் மூக்குக் குத்தினால் மட்டும் ஒன்றிரண்டு கிளிக் மூடுங்கள். இந்தத் திருகுக்குச் சொல்லும் 'லோ ஸ்பீட்' என்பது பைக்கின் வேகமல்ல, சஸ்பென்ஷன் தண்டு நகரும் வேகம்.

சேக் சரி, ஆனால் அடிக்கடி அடிதட்டுகிறது என்றால் காற்றைக் கூட்டாதீர்கள், ஒரு டோக்கன் சேருங்கள். அது மேலறையின் கொள்ளளவைக் குறைப்பதால் கடைசிப் பகுதி மட்டும் கடினமாகும். மிகக் கரடான தடத்தில் ஓட்டியும் 25 மி.மீ.க்கு மேல் டிராவல் மிஞ்சுகிறதா, ஒன்றை எடுத்துவிடுங்கள்.

டோக்கனுக்காக ஃபோர்க்கின் மேல்மூடியைத் திறக்குமுன் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். இதில் சமரசம் கிடையாது, உள்ளே அழுத்தம் இருந்தால் மூடி முகத்துக்கு வரும். பல ராக்‌ஷாக்ஸ் மூடிகளுக்கு கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) கழற்றும் டூலே பொருந்தும். ஃபாக்ஸ் 36க்கு 26 மி.மீ. சாக்கெட், அதுவும் வாய் தட்டையாகச் சீவியது. சாதாரண சாக்கெட்டின் உள்விளிம்பு சரிவாக இருக்கும், உயரம் குறைந்த மூடியில் பிடிக்காமல் வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். மரை அலுமினியம், அதனால் கையால் முதல் சுற்றுகளை ஏற்றிவிட்டு டார்க் ரெஞ்சை (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) எடுங்கள். ராக்‌ஷாக்ஸுக்கு 28 நியூட்டன் மீட்டர்.

பின்சேர்க்கை: ஊட்டிக்குக் கொண்டுபோகிறவர்கள் கேட்டது

சென்னையில் அமைத்த ஃபோர்க் 2,200 மீட்டர் உயரத்தில் ஆரம்பத்திலேயே விறைப்பாக இருப்பதற்குக் காரணம், கீழ்க்கால்களுக்குள் அடைபட்ட காற்று. வெளிக்காற்று மெலிந்துவிட, உள்ளே சுமார் 3 பிஎஸ்ஐ மிஞ்சுகிறது. சில ஃபாக்ஸ் ஃபோர்க்குகளில் இதற்கென்றே பின்புறம் பொத்தான் உண்டு. இல்லாதவற்றில், சக்கரத்தில் பாரமில்லாமல் ஃபோர்க்கை முழு நீளத்துக்கு விட்டு, மெல்லிய கேபிள் டையின் நுனியில் ஒரு சொட்டு சஸ்பென்ஷன் எண்ணெய் தடவி, டஸ்ட் சீலுக்கு (தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அடியில் மெல்லச் செருகுங்கள். காற்று வெளியேறும் சத்தம் நின்றதும் எடுத்துவிடுங்கள், அடுத்த காலுக்கும் அதே. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். குழாயில் ஒரு கீறல் விழுந்தால் அதற்குப் பிறகு எந்த சீலும் எண்ணெயைத் தடுக்காது.