காப்பித் தோட்டத்தில் ஈட்டிக் கன்று வளர்க்கும் முறை

சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, தோதகத்தி என்றும் நூக்கு என்றும் சொல்லப்படும் ஈட்டி மரத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். கருஊதா நிறத்தில் கரிய வரிகள் ஓடும் அதன் வைரத்துக்காகவே, அதாவது முதிர்ந்த உள்மரத்துக்காகவே, வெட்டி வெட்டி அருகிப்போன மரம் அது. 2017 முதல் அதன் பன்னாட்டு வணிகமும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது.

விதையிலிருந்து வளர்ப்பவர்கள், பழுப்பேறிய தட்டையான காய்களை மரத்திலிருந்தே பறிப்பது நல்லது. காய் தானாக வெடிக்காது என்பதால், விதை இருக்கும் பகுதியை மட்டும் துண்டாக்கி, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மணல் கலந்த பாத்தியில் மேலோட்டமாக ஊன்றலாம். விதையின் முளைப்புத்திறன் சில மாதங்களிலேயே குறைந்துவிடும். ஆகவே அடுத்த ஆண்டுக்கென்று சேர்த்து வைக்க வேண்டாம்.

ஆனால், பெரிய ஈட்டி மரம் ஏற்கெனவே நிற்கும் தோட்டத்தில் விதையைத் தேடி அலைய வேண்டியதில்லை. மரத்திலிருந்து சற்றுத் தள்ளி, காப்பிச் செடிகளுக்கு இடையே, நுனி சற்றே உள்வாங்கிய வட்ட இலைகளோடு ஒரு தளிர் எழுந்திருந்தால், அதன் அடிமண்ணைக் கையால் மெல்ல விலக்கிப் பாருங்கள். பெரும்பாலும் விரல் பருமனில் படுக்கையாக ஓடும் வேர் ஒன்று தென்படும். அது தாய்மரத்தின் வேர். தளிர் அதிலிருந்து கிளம்பிய வேர்க்கன்று. களையெடுக்கும்போது இத்தகைய கன்றுகள் பார்த்தீனியத்தோடு சேர்ந்து அறுபட்டுப் போவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குச்சியை நட்டு, களையெடுப்பவர்களிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

கன்று நிற்கும் இடத்திலேயே வளர முடிந்தால் அதைப் பெயர்க்காதீர்கள். பல தளிர்கள் கூட்டமாக எழுந்திருந்தால், நேராகவும் திடமாகவும் உள்ள ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். பெயர்த்தே ஆக வேண்டுமென்றால், மழைக்காலத் தொடக்கத்தில் தாய்மரத்தின் பக்கமுள்ள வேரை மட்டும் கூரிய கத்தியால் வெட்டிவிட்டு, கன்று சொந்த வேர் பிடிக்கும்வரை அங்கேயே விட்டு, அடுத்த மழைக்கு மண்கட்டியோடு எடுத்து நடுங்கள். ஆடுமாடுகள் கடிக்காதபடி முள்வேலி கட்டாயம் வேண்டும்.

இதன் வைரம் முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். தமிழ்நாடு அரசு 1994-இல் ஈட்டி மரப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது என்பதால், பட்டா நிலத்தில் நிற்கும் மரமானாலும் வனத்துறையிடம் நடப்பு விதியைக் கேட்டறியாமல் கோடரி வைக்காதீர்கள்.