திகில் பாட்காஸ்ட் கேட்கத் தொடங்குகிறீர்களா?

தொடர்கதை பாட்காஸ்டுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் வரிசையைக் கவனியுங்கள். பல செயலிகளில் கடைசியாக வந்த அத்தியாயம்தான் மேலே நிற்கும். அவசரத்தில் அதைத் தொட்டால் கொலையாளி யாரென்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துபோகலாம். கீழே போய் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். அத்தியாயக் குறிப்புகளையும் முன்கூட்டியே படிக்க வேண்டாம்.

அப்புறம், வேகம். செய்தி, பேட்டிக்கெல்லாம் 1.5 மடங்கு சரி. கதைக்கு இயல்பான வேகம்தான் வேண்டும். பாக்கெட் காஸ்ட்ஸ் போன்ற செயலிகளில் இடையில் வரும் மௌனத்தை வெட்டிவிடும் வசதி ஒன்று உண்டு. அதைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். கதவு திறந்த பிறகு யாரும் பேசாத அந்தச் சில விநாடிகளில்தான் நெஞ்சு படபடக்கும். அதை வெட்டிவிட்டால் திகில் கதையில் என்ன மிச்சம்? இயர்போனை இரண்டு காதிலும் மாட்டுங்கள். காலடிச் சத்தம் இடமிருந்து வலமாக நகர்வது ஒற்றைக் காதில் தெரியாது.

சென்னையில் கதை கேட்க எனக்கு மிகவும் பிடித்த இடம் மெட்ரோ. விமான நிலையத்திலிருந்து வரும்போது சின்னமலை தாண்டியதும் ரயில் சுரங்கத்துக்குள் இறங்கும். சரியாக உச்சக்கட்டத்தில் சிக்னல் போய்விடாமல் இருக்க, வீட்டு வைஃபையிலேயே பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். வெளியே வந்து சாலையைக் கடக்கும்போது கதையைக் கண்டிப்பாக நிறுத்திவிடுங்கள்.

படுத்துக்கொண்டு கேட்பவர்கள், ஒலியைத் தானாக நிறுத்தும் ஸ்லீப் டைமரில் ‘அத்தியாயம் முடியும்போது’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் நீங்கள் தூங்கிய பிறகும் அடுத்தடுத்து ஓடிக்கொண்டிருக்கும். காலையில் எங்கே விட்டோம் என்று தேடும்போது முடிவு காதில் விழுந்துவிடும்.