இரட்டை நாசில் மருந்துத் தெளிப்பானை ஒற்றை நாசிலாக மாற்றும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்தின் சாயல்குடி, கடலாடி, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து மானாவாரிப் புஞ்சைகளில் மழைக்குப் பின் முளைத்து வரும் முண்டு மிளகாய்ச் செடி சாண் உயரத்தில் நிற்கும் காலத்தில், கடையில் வாங்கிய பேட்டரித் தெளிப்பானின் இரட்டை நாசில் (மருந்து பீய்ச்சும் முனை) தலையைக் கொண்டு மருந்தடித்தால், ஒரு நாசிலின் மருந்து செடியிலும் மற்றதன் மருந்து வெறும் மண்ணிலும் விழுகிறது. ஊருணியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்த தண்ணீரும், காசு கொடுத்து வாங்கிய மருந்தும் அப்படி மண்ணுக்குப் போவது சிறிய இழப்பு அன்று. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த மிளகாயை விளைவிப்பவர்களில் பலர் சிறு நிலக்காரர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கையில் பிடித்துத் தெளிக்கும் லான்ஸ் குழாயின் மரைக்குப் பொருந்தும் ஒற்றை நாசில் தலை கடையில் கிடைத்தால் அதையே வாங்கிப் பொருத்துங்கள். அதைவிட நல்ல வழி வேறில்லை. மரை பொருந்தாதபோதும், கடை தொலைவில் இருக்கும்போதும், வீட்டிலேயே ஓர் அடைப்பு வில்லை செய்து ஒரு பக்கத்தை மூடிக்கொள்ளலாம்.

முதலில் செய்யக் கூடாதவற்றைச் சொல்ல வேண்டும். நாசில் துளையில் பனை ஈர்க்கையோ குச்சியையோ செருகி அடைப்பதை வயல்களில் பார்க்கலாம். ஈர்க்கு துளையின் விளிம்பைத் தேய்த்துவிடுவதால் பிறகு அந்த நாசிலைத் திறந்து பயன்படுத்தும்போது தூவல் ஒருபுறம் சாய்ந்து விழும். போதாக்குறைக்கு, அழுத்தம் கூடும்போது குச்சி தெறித்து மருந்து கையிலும் முகத்திலும் பாயும். எம்-சீல் என்னும் இறுகும் பசையை வைத்து அடைத்தால் அந்தப் பக்கம் நிரந்தரமாகப் போயிற்று. மரக்கட்டையில் செதுக்கிய அடைப்பு நனையும்போது இறுகுவதும் காயும்போது தளர்வதுமாக இருப்பதோடு, மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடுத்த முறை வெளிவிடும். சைக்கிள் டியூபை வெட்டி வைப்பது ஒரு நாளைக்குத் தாங்கும் என்றாலும், எண்ணெய்க் கரைசலாக வரும் மருந்துகளில் உள்ள கரைப்பான் ரப்பரை ஊதச் செய்துவிடுவதால் அதை நம்பி இருக்க முடியாது.

நல்ல அடைப்பு நாசில் துளைக்குள் இருக்கக் கூடாது. நாசில் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் துளை வில்லையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் துளையில்லாத வில்லையை வைத்து மூடியைத் திருகுவதே சரியான முறை. அப்போது வில்லையை மூடியின் விளிம்பு தாங்கிக்கொள்கிறது, வேண்டும்போது கழற்றவும் முடிகிறது. இந்த வில்லைக்கு ஏற்ற பொருள் எச்.டி.பி.இ. என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் ஆகும். எண்ணெய்க் கேன்களின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் பொறித்திருந்தால் அது இந்தப் பிளாஸ்டிக்தான். பூச்சிமருந்து வந்த கேனை இதற்காக வெட்டாதீர்கள். வெட்டும்போது தூளும் மருந்தும் கையில் ஒட்டும். தகட்டின் தடிமன் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். ஒரு கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும்: அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ என்றும் வில்லையின் விட்டம் 15 மில்லிமீட்டர் என்றும் கொண்டால், வில்லையின் மேல் விழும் விசை ஏறக்குறைய 5 கிலோ ஆகிறது. மெல்லிய தகடு அதைத் தாங்காமல் மூடியின் நடுத்துளை வழியே பிதுங்கிவிடும்.

பித்தளைத் தகடு கிடைத்தால் 1 மில்லிமீட்டர் தடிமனே போதும். இரும்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நம் கடற்கரையின் உப்புக் காற்றில் இரும்பு வில்லை விரைவில் துருப்பிடித்து, துருத்தூள் மறுபக்க நாசிலை அடைக்கும். நுனிக்கருகல் நோய்க்கு அடிக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு போன்ற தாமிர மருந்தும் இரும்பை அரிக்கும்.

பழைய துளை வில்லையைத் தகட்டின் மேல் வைத்து ஊசி முனையால் சுற்றிக் கோடு கிழித்து, கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி, பிறகு உப்புத்தாளில் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டு வாருங்கள். விளிம்பில் பிசிறு இருந்தால் அங்கேதான் கசியும் என்பதால் இந்தத் தேய்ப்பில் அவசரம் காட்ட வேண்டாம். மூடிக்குள் ஏற்கெனவே இருக்கும் வாஷரை வில்லைக்கும் குழாய் முனைக்கும் இடையில் வையுங்கள். வாஷர் தேய்ந்திருந்தால் விட்டான் என்னும், கரைப்பானைத் தாங்கும் செயற்கை ரப்பர் வாஷர் வாங்குவது நல்லது. சாதாரண ரப்பரும் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரும் எண்ணெய்க் கரைசல்களில் சீக்கிரம் ஊறிவிடும். டெஃப்லான் நாடாவை மரையில் ஓரிரு சுற்று சுற்றலாம், ஆனால் அதையே அடைப்பாகத் திணிக்கக் கூடாது.

எந்தப் பக்கத்தை மூடுவது என்பதையும் யோசித்துச் செய்ய வேண்டும். இரட்டைத் தலையின் நாசில்கள் பெரும்பாலும் வெளிப்புறம் சாய்ந்திருக்கும். நீங்கள் பாத்தியின் எந்த ஓரத்தில் நடக்கிறீர்களோ அதற்கேற்ப, திறந்திருக்கும் நாசில் செடியை நோக்கும்படி மூடுங்கள்.

பொருத்தியபின் டேங்கில் வெறும் தண்ணீரை ஊற்றிச் சோதிக்க வேண்டும். மூடிய பக்கக் குழாயில் காற்று அடைபட்டிருந்தால், ட்ரிக்கரை விட்ட பிறகும் அந்தக் காற்று விரிந்து தண்ணீரைத் தள்ளுவதால் திறந்த நாசில் சொட்டிக்கொண்டே இருக்கும். ட்ரிக்கரை அழுத்தியபடி மூடிய பக்கத்தை மேல்நோக்கிப் பிடித்து, அந்த மூடியைச் சிறிது தளர்த்தித் தண்ணீர் கசியத் தொடங்கியதும் இறுக்கிவிட்டால் காற்று வெளியேறிவிடும். மருந்து கலந்த பின் இதைச் செய்யக் கூடாது.

இனி மோட்டாரைக் கவனியுங்கள். 12 வோல்ட் பம்பு இரண்டு நாசிலுக்குப் போதுமான தண்ணீரைத் தள்ளும்படி அமைந்தது. ஒன்றை மூடினால் அழுத்தம் ஏறுகிறது, அழுத்த சுவிட்ச் மோட்டாரை நிறுத்துகிறது, அழுத்தம் இறங்கியதும் மறுபடி ஓட்டுகிறது. இப்படி விட்டுவிட்டு ஓடுவது தொடர்ந்தால் சுவிட்சின் தொடுமுனை கருகும். வேகம் குறைக்கும் குமிழ் இருந்தால் மோட்டார் சீராக ஓடும் அளவுக்கு அதைக் குறையுங்கள். குமிழ் இல்லையென்றால் திறந்த பக்கத்தில் சற்றுப் பெரிய துளையுள்ள வில்லையைப் போடுங்கள். அழுத்தத்தைக் குறைக்காமல் விடுவதால் மிக நுண்ணிய துளிகள் உண்டாகி, காற்றில் அடித்துப் போகும் மருந்தே அதிகமாகும். கடற்காற்று எழுவதற்கு முன், காலையிலேயே மருந்தடிப்பை முடித்துவிடுவது இந்தப் பகுதியில் எப்போதுமே நல்லது.

ஒரு நாசிலை மூடினால் வெளியேறும் அளவு சரிபாதி ஆகும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏறிய அழுத்தத்தால் பாதிக்கு மேலேயே வரும். ஆகவே அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சென்ட், அதாவது ஏறக்குறைய 40 சதுர மீட்டர் நிலத்தை அளந்து, வழக்கமான நடையில் வெறும் தண்ணீரைத் தெளித்து, டேங்கில் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். ஒரு சென்டுக்கு 1 லிட்டர் ஆனால் 50 சென்டுக்கு 50 லிட்டர், அதாவது 16 லிட்டர் டேங்க் மூன்றும் இன்னும் 2 லிட்டரும் வேண்டும். அந்த அளவுக்கு மட்டும் மருந்து கலந்தால் மீதமாகாது.

தண்ணீர் குறைவாகச் செல்கிறதே என்று டேங்குக்குக் கூடுதலாக மருந்து ஊற்றுவது பெரும் தவறு. லேபிளில் எக்டேருக்கு 250 மில்லி மருந்து, 500 லிட்டர் தண்ணீர் என்றிருந்தால் லிட்டருக்கு அரை மில்லி, 16 லிட்டர் டேங்குக்கு 8 மில்லி. நாசில் ஒன்றானாலும் இரண்டானாலும் இந்த அடர்த்தி மாறாது. குருத்துச் செடியில் அடர்த்தி கூடினால் இலை கருகும்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது மூடிய பக்கக் குழாயைக் கழுவுவதைத்தான். டேங்கை எத்தனை முறை அலசினாலும், ஓட்டமில்லாத அந்தச் சிறு குழாயில் நின்ற மருந்து அப்படியே நிற்கும். 2,4-டி களைக்கொல்லியை ஒற்றை நாசிலில் அடித்துவிட்டு, பிறகு அடைப்பைக் கழற்றி இரண்டு நாசிலாலும் பருத்திக்கோ மிளகாய்க்கோ பூச்சிமருந்து அடித்தால், குழாயில் தங்கிய களைக்கொல்லி முதலில் வெளியேறிச் செடிகளைத் தாக்கும். பருத்தி இந்த மருந்தின் மிகச் சிறிய அளவுக்கே இலை திருகிப் போகும் பயிர். களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து அடிக்கும் தெளிப்பானிலும் ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் அடைப்பு வில்லையைக் கழற்றி, இரு பக்கமும் திறந்த நிலையில் மூன்று முறை நல்ல தண்ணீரை ஓட்டி, அந்தக் கழுவுநீரை மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள். ஊருணிக் கரையிலோ கண்மாய் மடையிலோ கழுவக் கூடாது. ஆடு மாடு குடிப்பதும் நாம் குடிப்பதும் அதே தண்ணீர்தான்.

வில்லையைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் கையுறை அணியுங்கள். அடைத்துக்கொண்ட நாசிலை ஒருபோதும் வாயால் ஊதாதீர்கள். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். எடுத்து வைத்த துளை வில்லையை அடைப்பு வில்லையோடு சேர்த்து ஒரு சிறு டப்பாவில் போட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி மருந்துப் பெட்டியிலேயே பூட்டி வையுங்கள்.