வீட்டிலேயே மசாலா தேநீர் லாட்டே: முதன்முறையாகச் செய்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

சிங்கப்பூர்க் காப்பிக்கடைகளில் தே ஹாலியா அருந்திப் பழகியவர்களுக்கு இஞ்சி, பால், தேயிலை மூன்றும் சேர்ந்த சுவை புதிதன்று. அதில் இனிப்பையும் பாலின் கனத்தையும் கெட்டிப்பாலே கொடுத்துவிடுகிறது. மசாலா லாட்டேயில் அந்தத் துணை கிடையாது. கோப்பையின் பாதியைச் சாதாரணப் பாலும் அதன் நுரையுமே நிறைத்துவிடுவதால், எஞ்சிய பாதியில் ஊற்றப்படும் டிகாஷன் நாம் வழக்கமாகப் போடும் தேநீரைவிட ஏறத்தாழ இரு மடங்கு திடமாக இருக்க வேண்டும். வீட்டில் செய்யும் லாட்டே சப்பென்று போவதற்குப் பெரும்பாலும் இதைக் கவனியாததே காரணம்.

தேவையானவை (மூன்று கோப்பைக்கு)

தண்ணீர் 500 மில்லிலிட்டர், பச்சை ஏலக்காய் 6, விரல் நீளப் பட்டை ஒன்று, கிராம்பு 3, மிளகு 8, தோல் சீவிய இஞ்சி சுமார் 20 கிராம், தேயிலைத்தூள் குவித்து 4 தேக்கரண்டி, பால் 400 மில்லிலிட்டர், தேவையான அளவு சர்க்கரை. குருணை குருணையாக இருக்கும் சி.டி.சி. தேயிலையே இதற்கு ஏற்றது. மணம் மென்மையான முழு இலைத் தேயிலை, மசாலாவுக்கும் பாலுக்கும் நடுவே காணாமல் போய்விடும். இவை எல்லாம் தேக்கா சந்தையிலும் சிராங்கூன் சாலையை ஒட்டிய மளிகைக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கும். அன்னாசிப்பூ விரும்புவோர் ஓரிரு இதழ்களை மட்டும் சேர்க்கலாம். முழுப் பூவைப் போட்டால் தேநீரில் பிரியாணி வாசம் வீசும்.

கடையில் விற்கும் மசாலாத் தூளை நான் பரிந்துரைப்பதில்லை. தூள் முழுமையாக வடிவதில்லை. நுரையின் மேல் பழுப்பாகப் படிந்து, கடைசி மிடறில் நாக்கில் மண்போல் தட்டுப்படும்.

படி 1: மசாலாவைக் கொதிக்க வைத்தல்

ஏலக்காய், பட்டை, கிராம்பு, மிளகு ஆகியவற்றை உரலில் இட்டு ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். இஞ்சியைத் தனியாக நசுக்குங்கள். அனைத்தையும் தண்ணீரில் போட்டுக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து, பத்து நிமிடம் மெல்லக் கொதிக்க விடுங்கள். பட்டையும் மிளகும் தம் சாரத்தை மெதுவாகவே இறக்குபவை என்பதால் இதில் அவசரம் கூடாது. கிராம்பின் எண்ணிக்கையைக் கூட்டவும் வேண்டாம். அதிலுள்ள யூஜினால் என்னும் பொருள் மிகுந்தால் நாக்கு மரத்துப்போய் மற்றச் சுவைகள் தெரியாது.

இஞ்சியைப் பாலில் போடாமல் தண்ணீரில் கொதிக்க வைப்பதற்குக் காரணம் உண்டு. பச்சை இஞ்சியில் பால் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. கேண்டனீஸ் சமையலில் பச்சை இஞ்சிச் சாற்றின் மேல் சூடான பாலை ஊற்றி உறைய வைக்கும் இனிப்பு இந்த நொதியால்தான் உறைகிறது. அங்கே வேண்டப்படுவது இங்கே தொல்லை. நன்றாகக் கொதித்துவிட்டால் நொதி செயலிழந்துவிடும். பிறகு பாலைச் சேர்த்தாலும் இஞ்சியின் நொதியால் திரியாது.

படி 2: தேயிலை சேர்த்தல்

இப்போது தேயிலையைப் போட்டு மூன்று நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூடி இரண்டு நிமிடம் வையுங்கள். திடம் போதவில்லை என்று தோன்றினால் அடுத்த முறை தேயிலையின் அளவைக் கூட்டுங்களே தவிர, நேரத்தைக் கூட்டாதீர்கள். நெடுநேரம் கொதித்த தேயிலையில் துவர்ப்பும் கசப்பும்தான் மிகும். வடிகட்டுவதற்குக் காப்பிக்கடையில் பயன்படுத்தும் நீளத் துணி வடிகட்டி மிகச் சிறந்தது. கம்பி வடிகட்டியில் நுண்ணிய தூள் நழுவிவிடும். ஆவியாகியும் தேயிலை உறிஞ்சியும் போக, ஏறத்தாழ 360 மில்லிலிட்டர் டிகாஷன் மிஞ்சும்.

சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்துவிடுங்கள். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி தாராளமாகப் போதும். பானங்களைச் சர்க்கரை, நிறைகொழுப்பு அளவைக் கொண்டு தரம் பிரிக்கும் சிங்கப்பூரின் நியூட்ரி-கிரேட் தரக்குறியீடு 2023 டிசம்பர் 30 முதல் கடைகளில் உடனுக்குடன் தயாரிக்கப்படும் பானங்களுக்கும் நடப்புக்கு வந்தது; அதன்படி 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ஆகக் கீழான ‘டி’ தரம். வீட்டில் செய்யும்போது அந்த எல்லைக்கு அருகில்கூடப் போக வேண்டிய தேவையில்லை.

படி 3: பாலை நுரைத்தல்

லாட்டேயின் மென்மை முழுவதும் இந்தப் படியில்தான் இருக்கிறது. பாலைக் கொதிக்க விடக் கூடாது. 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால் போதும். 70 டிகிரியைத் தாண்டினால் காய்ச்சிய பாலின் வாசம் ஏறிவிடும், நுரையும் நிலைக்காது. வெப்பமானி இல்லாதவர்கள் பாத்திரத்தின் விளிம்பில் சிறு குமிழ்கள் தோன்றத் தொடங்குவதற்குச் சற்று முன்பே, ஆவி எழும்போதே, இறக்கிவிடலாம்.

மின்கலத்தில் இயங்கும் சிறிய நுரைப்புக் கருவி இருந்தால், அதன் முனையைப் பாலின் மேற்பரப்பை ஒட்டிச் சில நொடிகள் பிடித்துக் காற்றை ஏற்றிய பின், உள்ளே அமிழ்த்திச் சுழல விடுங்கள். பெருங்குமிழ்கள் உடைந்து நுரை பட்டுப்போல் மாறும். ஃபிரெஞ்ச் பிரஸ் (அழுத்தும் தண்டு பொருத்திய காப்பிக் குடுவை) இருந்தால் சூடான பாலை அதில் ஊற்றித் தண்டை இருபது முறை மேலும் கீழும் இழுத்தாலே நல்ல நுரை கிடைக்கும். என் தேர்வு இதுதான். கொழுப்பு நீக்கிய பாலில் நுரை அதிகம், சுவை குறைவு. முழுக்கொழுப்புப் பாலில் இரண்டும் அளவாக அமையும். பாலைத் தவிர்ப்பவர்கள் ஓட்ஸ் பாலில், நுரைப்பதற்கு ஏற்றது என்ற பொருளில் ‘பரிஸ்டா’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குவது நல்லது.

படி 4: சேர்த்தல்

கோப்பையில் 120 மில்லிலிட்டர் டிகாஷனை ஊற்றுங்கள். நுரையைக் கரண்டியால் தடுத்தபடி அதே அளவு பாலைச் சேர்த்து, கடைசியாக நுரையை மேலே வழித்து விடுங்கள். பட்டைத் தூள் தூவுவது அழகுக்கு மட்டுமே.

புழுக்கமான பிற்பகலுக்குக் குளிர்ந்த லாட்டே பொருத்தம். குவளை நிறையப் பனிக்கட்டி போட்டு, ஆறவைத்துக் குளிரூட்டிய டிகாஷனையும் காய்ச்சி ஆறிய பாலையும் சம அளவில் ஊற்றினால் போதும், நுரைக்க வேண்டியதில்லை. பனிக்கட்டி உருகி நீர்க்கும் என்பதால் இதற்குத் தேயிலையை ஒரு தேக்கரண்டி கூட்டிப் போடுங்கள். மிஞ்சிய டிகாஷனை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் வரை வைத்திருக்கலாம். பால் கலந்ததை மட்டும் எடுத்துவைக்காமல் அப்போதே அருந்திவிடுங்கள்.