தோள்பட்டி இல்லாத கவுனைப் பிடித்துத் தைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லெந்து என்னும் தவக்கால நாட்கள் முடிந்து ஈஸ்டர் கழிந்ததும் பாளையங்கோட்டையிலிருந்து நாசரேத், மெஞ்ஞானபுரம் வரை கல்யாணங்கள் வரிசைகட்டி வந்துவிடும். காலையில் ஆலயத்துக்கு வெள்ளைப் பட்டும் தலையில் நெட் முக்காடும். மாலை வரவேற்புக்குக் கவுன். அது இப்போது பல வீடுகளில் தோள்பட்டி இல்லாத கவுனாக இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மதினி வாங்கி அனுப்பியிருப்பார், அல்லது இணையத்தில் படம் பார்த்து வரவழைத்திருப்பார்கள். போட்டுப் பார்க்கும்போதுதான் தளர்வாக இருப்பது தெரியும். பக்கத்துத் தையல் கடையில் கொடுத்து, “இரண்டு பக்கமும் கொஞ்சம் பிடித்துக் கொடுங்கள்” என்பார்கள்.

அப்படிப் பிடித்த கவுனோடு மேடையேறிய பெண் ஒவ்வொரு போட்டோவுக்கும் நடுவில் இரண்டு கையாலும் மார்பு விளிம்பைப் பற்றி மேலே இழுத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. தன் கல்யாண வரவேற்பில் அவள் சிரிக்க வேண்டும், வந்தவர்களோடு பேச வேண்டும். உடையைக் காவல் காப்பதிலேயே அவளுக்கு அந்த மாலை போய்விடுகிறது. கவுனைச் சரியான இடத்தில் பிடித்திருந்தால் இது நேராது.

ரவிக்கையைத் தோள் தாங்குகிறது. தோளில் எதுவுமே இல்லாத உடையை எது தாங்கும்? மார்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தாங்க வேண்டியது இடுப்பு. சேலை உடுத்துகிறவர்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. ஐந்தரை மீட்டர் துணியும் உள்பாவாடை நாடா ஒன்றில்தான் நிற்கிறது. கவுனுக்கும் உள்ளே அப்படி ஒரு பிடிமானம் வேண்டும். அதை மறந்துவிட்டுச் செய்யும் வேலைதான் முக்கால்வாசித் தவறுகளுக்கும் காரணம்.

மேல் விளிம்பை மட்டும் இறுக்குவது

நழுவுகிறது என்றதும் எல்லோர் கையும் மேல் விளிம்புக்குத்தான் போகிறது. அங்கே அரை இன்ச், பிறகும் நழுவினால் இன்னொரு அரை இன்ச். மார்புக்குக் கீழே உடல் இடுப்பை நோக்கிக் குறுகிக்கொண்டே போகிறது. அந்தச் சரிவின் மேல் இறுக்கிக் கட்டியது எதுவானாலும் குறுகலான பக்கத்துக்குத்தான் இறங்கும். அதனால் மேலே இறுக்க இறுக்க கவுன் கீழேதான் போகும். கூடவே அக்குள் பக்கம் சதை பிதுங்கும், மூச்சு முட்டும், பந்தியில் உட்கார்ந்தால் சாப்பிட முடியாது.

விளிம்பு உடலோடு படிந்து நின்றால் போதும். ஒரு விரல் சிரமமில்லாமல் உள்ளே போகிற அளவே சரியான அளவு. விளிம்பு வாய் பிளந்து நிற்கிறது என்றால், அது பெரும்பாலும் துணி நீண்டுபோனதால் வருவது. வளைவாக வெட்டிய இடத்தில் இழை கிராஸாக, அதாவது சாய்வாக வரும்; போட்டுக் கழற்றினாலே இழுபடும். பக்கத் தையலைப் பிடிப்பதற்கு முன், மெல்லிய காட்டன் நாடா ஒன்றை விளிம்பின் அளவைவிடச் சற்றே குறைவாக எடுத்து, உள்பக்கம் துணியைச் சீராகச் சுருக்கிக் கையால் தைத்துப் பாருங்கள். பல கவுன்கள் அதிலேயே சரியாகிவிடும்.

இடுப்புக்கு உள்ளே ரிப்பன் வைக்காமல் விடுவது

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். விலை உயர்ந்த கவுன்களில் இது உள்ளேயே வைத்து வரும். மலிவான கவுன்களில் இருக்காது, நம் கடைகளில் கேட்கவும் மாட்டார்கள்.

ஒரு இன்ச் அகலத்தில், இழுத்தால் நீளாத தடித்த ரிப்பன் வேண்டும். குறுக்கே மெல்லிய வரிகள் ஓடும் ரிப்பன் இதற்கு மிகவும் நல்லது. அது கிடைக்காவிட்டால் பேண்ட் இடுப்புக்கு உள்ளே வைக்கும் காட்டன் பட்டையை வைக்கலாம். எலாஸ்டிக் மட்டும் வேண்டாம்; பாவாடையின் கனம் அதை இழுத்துக்கொண்டு கீழே வந்துவிடும்.

இடுப்பு எது என்பதிலும் தவறு நடக்கிறது. உள்பாவாடை கட்டும் இடத்தை அளந்து கொடுத்துவிடுகிறார்கள். கவுனுக்கான இடுப்பு அதைவிட மேலே இருக்கும். ஒரு கயிற்றைத் தளர்வாகக் கட்டிக்கொண்டு இடமும் வலமும் சாய்ந்து நிமிருங்கள். கயிறு தானாகப் போய்த் தங்கும் இடமே இடுப்பு. அந்த இடத்தை இன்ச் டேப்பால் படிய அளந்து, அதில் ஒரு இன்ச் குறைத்து, இரண்டு நுனியிலும் கொக்கி வைத்து மடக்க ஒவ்வொரு இன்ச் சேர்த்து ரிப்பனை வெட்டுங்கள்.

இனி தைப்பது. ரிப்பனின் நடுவைக் கவுனின் முன் நடுவோடு சேர்த்துக் குண்டூசி குத்திக்கொள்ள வேண்டும். சுற்றிலும் மிஷினில் அடித்துவிடக் கூடாது. உள்ளே நீளவாக்கில் தையல் வருகிற இடங்களில் மட்டும், லைனிங்கையும் தையலுக்கு விட்ட துணியையும் பிடித்து, ஊசியால் நான்கைந்து முறை ஒரே இடத்தில் குத்தி முடிச்சிட வேண்டும். ஊசி வெளித்துணிக்கு வரவே கூடாது. சாட்டினில் ஒரு குத்துகூட வெளியே குழியாகத் தெரியும். பின்பக்கம் ஜிப்புக்கு இரண்டு புறமும் இரண்டு மூன்று இன்ச் ரிப்பன் எதோடும் சேராமல் தொங்க வேண்டும். அப்போதுதான் ஜிப் போடுவதற்கு முன்பே ரிப்பனை இழுத்து மாட்ட முடியும். நுனியில் பெரிய கொக்கிகள் இரண்டு, கூர்ப்பக்கம் முதுகைப் பார்க்காமல்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதும் எளிது. ஜிப்பைத் திறந்தே வைத்து, ரிப்பனை மட்டும் மாட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மேல்பகுதி பின்னால் திறந்து கிடக்கும். ஆனால் பாவாடை இருந்த இடத்தை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் ரிப்பன் இன்னும் அரை இன்ச் இறுக வேண்டும். ஜிப் பிளந்துகொள்ளும் பயமும் இதோடு தீர்கிறது. இழுப்பையெல்லாம் ரிப்பன் வாங்கிக்கொள்வதால் ஜிப்புக்கு மூடுகிற வேலை மட்டுமே மிஞ்சும்.

பக்கத் தையலிலேயே எல்லாவற்றையும் எடுப்பது

சுற்றளவில் ஒரு இன்ச் வரை என்றால் இரண்டு பக்கத்திலும் பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் கப் இரண்டும் அக்குளை நோக்கி நகர்ந்து, முன்பக்கம் தட்டையாகி, தையல் கோடுகள் மார்பின் மேல் வராமல் ஓரத்தில் நிற்கும். மேலிருந்து கீழே ஓடும் தையல்கள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனையிலும் பங்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். வேலை அதிகம்தான், கூலியும் அதற்கேற்பக் கொடுக்க வேண்டும். லைனிங்கையும் அதே அளவு பிடிக்காவிட்டால் உள்ளே சுருண்டு உறுத்தும்.

முதலில் பெருந்தையலாக ஓட்டிப் போட்டுப் பாருங்கள். மிஷின் தையல் அடித்த பிறகும் உள்ளே மிஞ்சிய துணியை வெட்ட வேண்டாம். கல்யாண வாரத்தில் பெண்ணுக்கு உடம்பு இளைப்பதும் உண்டு, விருந்துகளில் கூடுவதும் உண்டு. வெட்டிய துணி திரும்ப வராது. வாடகைக்கு எடுத்த கவுனில் கத்தரியே படக் கூடாது.

கல்லும் மணியும் பதித்த துணியென்றால் தையல் ஓடும் வழியில் உள்ளவற்றை முதலில் கையால் எடுத்து, விட்ட நூல்களை முடிச்சிட்டுக்கொள்ள வேண்டும். அப்படியே மிஷினை ஓட்டினால் ஊசி உடையும், ஒரு மணியின் நூல் அறுந்தால் வரிசையே உதிரும். ஊசி 9 அல்லது 11ஆம் எண் போதும். பேண்ட் தைத்த 16ஆம் எண் ஊசியோடு சாட்டினைத் தொடாதீர்கள்.

கவுன் சிறிதாக இருந்தால் ஜிப்பை எடுத்துவிட்டு, அதே நிறத் துணியில் வளையங்கள் வைத்து, பின்னால் கயிறு கோத்துக் கட்டும்படி மாற்றிவிடலாம். உள்ளே முதுகை மறைக்க ஒரு துண்டுத் துணி வேண்டும். உடம்பு கூடினாலும் குறைந்தாலும் கட்டும்போதே சரிசெய்துகொள்ளலாம் என்பதால், தளர்வான கவுனுக்கும் இது எனக்குப் பிடித்த வழி.

போனிங்கும் லைனிங்கும்

மேல்பகுதி விறைப்பாக நிற்க உள்ளே நீளவாக்கில் செருகும் பட்டைதான் போனிங். அது கவுனைத் தூக்கி நிறுத்தும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. துணி மடிந்து சரியாமல் பார்ப்பது மட்டுமே அதன் வேலை. அடியில் இடுப்பு பிடித்திருந்தால்தான் அந்த வேலையையும் செய்யும். பிளாஸ்டிக் போனிங் சுருளாக வருவதால் வளைந்தே இருக்கும். மேலே ஒரு துணி போட்டு மிதமான இஸ்திரிச் சூட்டில் நிமிர்த்திக்கொள்ளுங்கள். வெட்டிய நுனியை நெருப்பில் காட்டி மழுக்காமல் உள்ளே நுழைத்தால், பந்தியில் உட்காரும்போது அது விலாவில் குத்தும். மேலும் கீழும் தையலிலிருந்து கால் இன்ச் உள்ளே நிற்கும்படி வெட்ட வேண்டும். இடுப்பைத் தாண்டி வெகுதூரம் இறங்கினால் உட்காரும்போது மொத்தக் கவுனையும் மேலே தள்ளும்.

லைனிங்கை யாரும் கவனிப்பதில்லை. வாங்கும் கவுன்களில் உள்ளே வழவழப்பான பாலியெஸ்டர்தான் இருக்கும். சித்திரை வெயிலில், மின்விசிறி எட்டாத மேடையில், போட்டோ விளக்குகளுக்கு முன்னால் அது வேர்வையில் வழுக்கும். மேல்பகுதியின் உள்ளே மட்டும் ரவிக்கைக்கு எடுக்கும் டூ-பை-டூ துணியை வைத்துத் தைத்தால் வேர்வையை இழுத்துக்கொள்ளும், தோலோடு ஒட்டி நிற்கும். முன்பே தண்ணீரில் நனைத்து உலர்த்திய துணியாக இருக்க வேண்டும். நம் ஊர் வெக்கைக்கு இந்த ஒன்று பெரிய உதவி.

மேல் விளிம்பின் உள்ளே சிலிக்கான் பட்டை ஒட்டினால் போதும் என்பார்கள். உலர்ந்த, சுத்தமான தோலில்தான் அது பிடிக்கும். பவுடர், உடம்புக்குத் தடவும் கிரீம், எண்ணெய் ஏதாவது பட்டால் பிடிப்பு போய்விடும். சிலருக்கு அரிக்கவும் செய்யும். மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பி மேடை ஏற வேண்டாம்.

போட்டுப் பார்க்கும் முறை

அன்று அணியப்போகிற உள்ளாடையும் செருப்பும் இல்லாமல் அளவு பார்ப்பது வீண். பட்டியில்லாத பிரா போடப்போகிறீர்களா, கவுனிலேயே கப் தைக்கப்போகிறீர்களா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டையும் சேர்த்தால் விளிம்பு முன்னால் தள்ளி நிற்கும். கீழ் ஓரத்தை முதலில் அடிப்பதும் தவறு. இடுப்பு ரிப்பன் மாட்டியதும் கவுன் மேலே ஏறும், ஓரம் குட்டையாகிவிடும். அது கடைசி வேலை.

கண்ணாடி முன் அசையாமல் நின்றால் எந்தக் கவுனும் நிற்கும். நம் வரவேற்பில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பாருங்கள். ஆச்சியின் காலைத் தொடுகிற அளவுக்குக் குனியுங்கள். மாலை போடுவதுபோல இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். அக்காவின் குழந்தையை வாங்கி இடுப்பில் வையுங்கள். படியேறுங்கள், தாழ்ந்த சோபாவில் உட்கார்ந்து எழுந்திருங்கள். கையைத் தூக்கும்போது ஏறிய விளிம்பு கையை இறக்கியதும் தானாகப் பழைய இடத்துக்கு வந்து நின்றால் வேலை முடிந்தது. கனத்த ரோஜா மாலையைக் கவுனோடு ஊக்கு குத்தி நிறுத்த யாரையும் விடாதீர்கள். மாலையின் கனம் முழுவதும் விளிம்பில் இறங்கும், ஈரம் சாட்டினில் கறையாகும்.

கவுனை ஆலயத்துக்கே அணிவதாக இருந்தால் தோளை மூட ஏதாவது வேண்டும் என்று பெரியவர்கள் கேட்பார்கள். 1826இல் எழுந்த பாளையங்கோட்டை ஊசிக்கோபுர ஆலயத்திலும் சரி, கிராமத்துச் சிற்றாலயத்திலும் சரி, அதுதான் வழக்கம். அதற்காகக் கவுனில் அவசரமாகக் கை வைத்துத் தைத்துவிட வேண்டாம். தோள் அசையும்போதெல்லாம் அந்தக் கை மேல்பகுதியைப் பிடித்து இழுக்கும். தனியாக ஒரு லேஸ் மேலங்கி தைத்துக்கொள்ளுங்கள். கால்டுவெல்லின் மனைவி எலிசா இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தது 19ஆம் நூற்றாண்டில். நல்ல லேஸ் எது என்று பார்த்ததும் சொல்லக்கூடிய பாட்டிமார் இந்தச் சீமையில் இன்னும் இருக்கிறார்கள். எடுக்கும்போது ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

முதல் முறை போட்டுப் பார்ப்பது கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பும், கடைசி முறை அந்த வாரத்திலும் இருக்கட்டும். அந்தக் கடைசி முறையில், அன்று உடுத்திவிடப்போகிறவரும் கூட இருக்க வேண்டும். அழகுநிலையத்திலிருந்து வருகிறவருக்கு உள்ளே ரிப்பன் இருப்பதே தெரியாது; ஜிப்பை மட்டும் இழுத்துவிட்டுப் போய்விடுவார். முதலில் ரிப்பன், பிறகு ஜிப், கடைசியில் மேல் கொக்கி என்று அவர் கையாலேயே ஒரு முறை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.