ரூவான் பாணி ஃபையான்ஸ் ஜாடி: சுடாத வெள்ளைப் பூச்சில் நீலக் கோடு போடுவது எப்படி?

பிரான்சின் ரூவான் ஜாடிகளில், கழுத்தைச் சுற்றித் தோரணம் போலத் தொங்கும் நீல வேலைப்பாடு ஒன்று உண்டு. 1709-இல் பதினான்காம் லூயி போர்ச் செலவுக்காக வெள்ளிப் பாத்திரங்களை உருக்கச் சொன்னபோது, பிரபுக்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது இந்த ஃபையான்ஸ், அதாவது வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சுள்ள மண்பாண்டம்தான். எனக்கு அந்தத் தோரணம் நான்காவது ஜாடியில்தான் கைவந்தது.

1. முதல் சூடு முடிந்த ஜாடியை ஈரத்துணியால் துடைத்து, வெள்ளீய ஆக்சைடு கலந்த கிளேஸில் (சுட்டதும் கண்ணாடி போல ஆகும் பூச்சு) முக்கி, மூன்று எண்ணியதும் எடுங்கள். செம்மண் நிறத்தை மறைப்பது அந்த வெள்ளீயம்தான். ஈயம் சேராத கிளேஸையே வாங்குங்கள். ஒரு நாள் காயட்டும்.

2. ஜாடியின் சுற்றளவை எட்டாகப் பிரித்து, ஒரு பங்குக்கான தோரணத்தைக் காகிதத்தில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் குத்துங்கள். காகிதத்தை ஜாடியில் வைத்துக் கரித்தூள் முடிச்சால் தட்டினால் கோலப்புள்ளி மாதிரி பதியும். பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பொன்சிஃப் என்பார்கள். கரி சூளையில் எரிந்து போய்விடும்.

3. இனி கோடு. மூன்று ஜாடிகளை நான் இழந்தது இங்கேதான். காய்ந்த கிளேஸ் சாக்பீஸ் மாதிரி. பிரஷ் தொட்டதும் தண்ணீரை உறிஞ்சிவிடும், கோடு பாதியில் நின்றுவிடும். சரி, மறுபடி ஓட்டலாம் என்று போனால் வெள்ளைப் பூச்சே பெயர்ந்து பிரஷோடு வரும். அழிக்கவும் முடியாது. கிளேஸில் சி.எம்.சி. பசைத்தூள் சிறிது கலந்தபின் மேற்பரப்பு இறுகியது. பிரஷ் நீண்ட முடியுள்ளதாக இருக்கட்டும். குட்டை முடி பிரஷ் இந்த வேலைக்கு உதவவே உதவாது. நிறையச் சாயம் எடுத்து, மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பு. விளிம்பு வளையத்துக்குப் பிரஷை அசைக்காமல் சுழல்மேசையைச் சுற்றுங்கள்.

நீலச் சாயமான கோபால்ட் ஆக்சைடு சுடும் முன் கறுப்பாகத்தான் இருக்கும். எவ்வளவு நீலம் வரும் என்று கண்ணால் சொல்ல முடியாது. தடித்த இடம் சுட்டபின் கறுத்துப்போகும். அதனால் ஒரு சில்லில் மூன்று அடர்த்தியில் தீட்டி முதலில் சுட்டுப் பாருங்கள்.

4. பூச்சும் சாயமும் ஒன்றாகவே வேகும். கிளேஸ் பொட்டலத்தில் சொன்ன சூட்டைத் தாண்டாதீர்கள்.

பின்சேர்க்கை: பூச்சு சுருண்டு, இடையிடையே மண் தெரிகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். முக்குவதற்கு முன் ஜாடியை எண்ணெய்க் கையால் தொட்டிருப்பீர்கள், அல்லது பூச்சு தடித்திருக்கும். அப்புறம், பிடிக்கும்போது அடியையும் உள்வாயையும் மட்டும் பிடியுங்கள்.