இந்தியாவில் பெண் எடுக்கிறீர்களா? தாலிக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவர், ஒட்டுக்கடையில் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் கோப்பைத் திறந்து காட்டினார். திருச்சிப் பக்கம் ஒரு கோயிலில் நடந்த கல்யாணத்தின் ஆல்பம், மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை, கோயில் ரசீது. அரசாங்க முத்திரை பதிந்த தாள் ஒன்றுகூட அதில் இல்லை. மனைவிக்கு ஏழாம் மாதம். அன்றிலிருந்து, வெளிநாட்டில் கல்யாணம் என்று யார் சொன்னாலும் நான் உட்கார வைத்து விளக்காமல் விடுவதில்லை.

முஸ்லிம் குடும்பங்களுக்கு விதி வேறு. மாநில இஸ்லாமிய சமய இலாகாவில்தான் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம். அது 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வெளிநாட்டில் முடித்த கல்யாணத்தை அது ஏற்க வேண்டுமானால் இரண்டு விஷயம் சரியாக இருக்க வேண்டும்: அந்த நாட்டுச் சட்டப்படி கல்யாணம் நடந்திருக்க வேண்டும்; இருவரும் திருமணம் செய்துகொள்ளத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். ஏற்கெனவே செய்த ஒரு திருமணம் சட்டப்படி முறியாமல் இருந்தால் எந்த ஊரில் தாலி கட்டினாலும் செல்லாது.

படி 1: வயதும் உறவும்

மலேசியாவில் 18 வயது போதும், 21 ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். இந்தியாவிலோ மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 18. இருபது வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள்.

சொந்தத்தில் முடிப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அக்காள் மகளை மணப்பதை மலேசியச் சட்டம் இந்துக்களுக்கு விதிவிலக்காக அனுமதிக்கிறது. இந்தியாவில் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், வழக்காறு இருந்தால் உறவுமுறைத் திருமணத்தை ஏற்கும். ஆனால் பதிவாளர் முன் கல்யாணம் முடிப்பதற்கான 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் அத்தை மகள், மாமன் மகள்கூடத் தடைப் பட்டியலில் இருக்கிறார்கள். நம் வீடுகளில் 'முறைப்பெண்' என்பவள் அங்கே 'தடை செய்யப்பட்ட உறவு' ஆகிவிடுகிறாள். அதனால் எந்தச் சட்டத்தின் கீழ் பதியப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

படி 2: இங்கிருந்து கொண்டுபோக வேண்டிய தாள்கள்

பாஸ்போர்ட், ஐசி (அடையாள அட்டை), சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), அப்புறம் ஜேபிஎன் என்னும் தேசியப் பதிவு இலாகா தரும் திருமண நிலைச் சான்று. 'இவர் பெயரில் திருமணப் பதிவு இல்லை' என்று சொல்வது அந்தச் சான்றுதான். மறுமணம் என்றால் மணவிலக்குத் தீர்ப்போ, முன்னாள் துணையின் இறப்புச் சான்றோ சேர வேண்டும். வெளிநாட்டில் காட்டும் தாள்களுக்கு விஸ்மா புத்ராவின், அதாவது புத்ராஜெயாவிலுள்ள நம் வெளியுறவு அமைச்சின், சான்றொப்பம் கேட்பார்கள். அங்கே போய்வர ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தோட்டக் காலத்துப் பிறப்புப் பத்திரத்தில் கிராணி (தோட்ட எழுத்தர்) எழுதியது ஒன்று, ஐசியில் இருப்பது ஒன்று என்று பல வீடுகளில் இருக்கிறது. அதோடு, நம் பெயரின் நடுவே வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' தமிழ்நாட்டு அலுவலகத்தில் பலருக்குப் புரியாது. 'மகன்', 'மகள்' என்பதற்கான மலாய்ச் சுருக்கம் அது, குடும்பப் பெயர் அல்ல என்று விளக்குங்கள். சான்றிதழில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வர வேண்டும்.

படி 3: இந்தியாவில் பதிவு

இருவரும் இந்துக்கள் என்றால் சடங்கு முடித்து இந்து திருமணச் சட்டப்படி பதியலாம். ஒருவர் வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் சிறப்புத் திருமணச் சட்டத்தின் வழியே வரச் சொல்வதும் உண்டு. பெண் வீட்டாரை முன்கூட்டியே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

சிறப்புச் சட்டம் என்றால் நாள்கணக்கு முக்கியம். முன்னறிவிப்பு கொடுப்பதற்கு முன் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். பெண் அங்கேயே இருப்பதால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். முன்னறிவிப்புக்குப் பிறகு இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும், கல்யாணத்தன்று மூன்று சாட்சிகள் வேண்டும். இரண்டு வார லீவில் போய் இதை முடிக்க முடியாது.

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். சான்றிதழ் கைக்கு வராமல் ஊர் திரும்பாதீர்கள்.

படி 4: ஆறு மாதக் கெடு

தம்பி தவறவிட்டது இதைத்தான். கல்யாணமான ஆறு மாதத்துக்குள் அந்த நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னையிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கே பதியாமல் அந்த ஆறு மாதத்துக்குள் ஊர் திரும்பிவிட்டால், வந்து இறங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஜேபிஎன்னில் பதியலாம். தானியங்கி வாயில் வழியாக வந்தால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. வந்த தேதியைக் காட்ட விமான டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். சான்றிதழ் தமிழில் இருந்தால் மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ முறையாக மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

கெடுவைத் தவறவிட்டவர்களும் சும்மா இருந்துவிடாதீர்கள். தாமதத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டு ஜேபிஎன்னுக்குப் போங்கள். பிள்ளைக்காகவாவது போக வேண்டும். தாய் வெளிநாட்டவராக இருந்து, பெற்றோர் சட்டப்படி கணவன் மனைவி என்று காட்ட முடியாவிட்டால், பிள்ளை இந்த மண்ணிலேயே பிறந்தாலும் தகப்பனின் குடியுரிமை அதற்குச் சேராது. தாயின் குடியுரிமையைத்தான் பார்ப்பார்கள்.

இங்கேயே முடிப்பதென்றால்

பெண்ணை வரவழைத்து மலேசியாவில் பதிவதும் ஒரு வழி. அவருடைய தூதரகத்திலிருந்து திருமணத் தடையில்லை என்ற கடிதம் வேண்டும். ஜேபிஎன்னில் 21 நாள் அறிவிப்பு இருக்கும். ஆனால் தோட்டத்துக்கோ ஆலைக்கோ தொழிலாளர் பெர்மிட்டில் வந்திருப்பவர் இங்கே திருமணம் செய்ய அந்த பெர்மிட்டின் நிபந்தனை இடம் தராது. அப்படி மனம் ஒத்துப்போனவர்கள், அவர் ஊர் திரும்பிய பிறகு முறையாகத் தொடங்குங்கள்.

பதிவு முடிந்ததும் அந்தச் சான்றோடு குடிநுழைவுத் துறைக்குப் போய் மனைவிக்கு நீண்டகாலச் சமூக வருகை பாஸ் விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு தாளிலும் மூன்று நகல் எடுத்து, அசலைத் தனி உறையில் வையுங்கள். முகப்பில் கேட்டால் மட்டும் அசலை வெளியே எடுங்கள்.